பிரேக்கை நீ சரியாகத்தான் மிதித்தாய்

பிரபு,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ புனேவுக்குப் போன பிறகு எல்லாம் போனில்தான். அதிலும் பாதி நேரம் உன் அம்மாதான் பேசுவாள். நான் பின்னாலிருந்து "சாப்டானான்னு கேளு" என்று குரல் கொடுப்பதோடு சரி. இப்போது பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றால், போனில் சொல்ல வராத ஒன்று இருக்கிறது என்று உனக்கே தெரிந்திருக்கும். பயப்படாதே, எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. உன் அம்மா அதை நாலு தடவை படித்து ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்து, அச்சகத்தில் போய் சண்டை போட்டுவிட்டு வந்தாள். போன வாரம் நம் காரின் முன்பக்கத்து ஷாக் அப்சார்பர்கள் இரண்டையும் மாற்றினேன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இதற்கு ஒரு கடிதமா என்று உனக்குச் சிரிப்பு வரலாம். கடைசிவரை படி. அதற்குப் பிறகு சிரிப்பதோ கோபப்படுவதோ உன் இஷ்டம்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்தபோது நீ எட்டாம் வகுப்பு. இரண்டு வருஷம் ஓடிய வண்டி, ஆனால் தெருவில் நுழைந்தபோது கப்பல் வந்த மாதிரிதான் இருந்தது நமக்கு. திருவொற்றியூர் தேரடியில் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, உன் அம்மா முன்சீட்டில் உட்காரக் கூச்சப்பட்டுக்கொண்டு பின்னாலேயே உட்கார்ந்தாள். நீ முன்சீட்டை விட்டு இறங்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட காருக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டாய். சாம்பார் சிந்திய கறை இன்னும் அந்த சீட்டின் ஓரத்தில் இருக்கிறது. உன் அம்மா எத்தனையோ தடவை கழுவச் சொல்லியும் நான் அதை மட்டும் கழுவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை என்றால் நாம் கிளம்பிவிடுவோம். ராயபுரத்தில் உன் சித்தி வீடு, இல்லாவிட்டால் எண்ணூர் முகத்துவாரம், அதுவும் இல்லாவிட்டால் மீஞ்சூரில் என் அக்கா வீடு. அந்த விளையாட்டை நீ மறந்திருக்கமாட்டாய். நீ கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாய், ஜன்னலைத் திறந்து வைப்பாய், வாசனையை வைத்து எந்த இடம் என்று சொல்லவேண்டும். ஐஸும் மீனும் டீசலும் கலந்து வந்தால் காசிமேடு. பெட்ரோல் வாடை அடித்தால் தண்டையார்பேட்டை. கெட்டுப்போன முட்டை மாதிரி வந்தால் காற்று மணலிப் பக்கமிருந்து வருகிறது என்று அர்த்தம். கோயில் பக்கம் வந்ததும் சம்பங்கி வாசனை, அப்போது நீ "நம்ம வூடு" என்று கத்துவாய். ஒரு தடவைகூட நீ தோற்றதில்லை. உன் அம்மா தோற்பாள். எல்லாவற்றுக்கும் "மீன்" என்பாள். அனல்மின் நிலையச் சாம்பல் பறக்கும் எண்ணூர் வந்தாலும் மீன், ரசாயனத் தொழிற்சாலை வந்தாலும் மீன்.

மீஞ்சூரிலிருந்து திரும்பிய அந்த மழைநாளை நினைத்தால் இப்போதும் எனக்குத் தனியாகச் சிரிப்பு வருகிறது. முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றுபோனது. நானும் நீயும் இறங்கித் தள்ளினோம். வண்டி ஓட்டவே தெரியாத உன் அம்மாவை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, நேராகப் பிடித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். அவள் நேராக ஒரு டீக்கடைக்குள் விட்டாள். கடைக்காரர் பாய்லரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "அம்மா, டீ வேணும்னா கேளும்மா, குடுக்கறேன், வண்டியோட உள்ள வர்றியே" என்றார். அங்கேயே உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். நீ நனைந்து நடுங்கிக்கொண்டே சிரித்தாய். உனக்குப் பால் பற்கள் விழுந்த காலமெல்லாம் எப்போதோ போய்விட்டது, ஆனால் அன்றைக்கு உன் சிரிப்பு அந்த வயதுக்குப் போய்விட்டு வந்தது.

நீ பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து முறையாக ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கினாய். அதற்குப் பிறகு என்னை விடவில்லை. "நைனா, பெல்ட் போடு. நைனா, இண்டிகேட்டர் போடாம திரும்பாத. நைனா, முன்னாடி போற லாரிய இவ்ளோ ஒட்டாத." எனக்கு எரிச்சலாக வரும். துறைமுகத்தில் கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் கிரேனை இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவன் நான். வானத்தில் தொங்கும் அந்தக் கூண்டில் உட்கார்ந்து, ஒரு வீட்டளவு பெட்டியை லாரியின் முதுகில் சத்தமில்லாமல் வைப்பேன். லாரி டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டிவிட்டுப் போவான். ஒரு பெட்டிக்கும் ஒரு கீறல் விட்டதில்லை என்று யார்டில் எனக்குப் பேர். அந்தப் பேரின் மேல் எனக்கு எவ்வளவு மோகம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தெரியாமல் ஒரு எந்திரம் கெட்டுப்போகாது என்று நம்பினேன். தெரிந்தும் சும்மா இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காதர் பாயை உனக்குத் தெரியும். தண்டையார்பேட்டையில் ஷெட் வைத்திருப்பவர், வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்ப்பார். ஆறு வருஷம் முன்னால் நடந்த அந்த விபத்துக்கும் எட்டு மாதம் முன்னால் ஆயில் மாற்ற அவரிடம் விட்டிருந்தேன். அவர் பானெட்டின் முன்மூலையில் இரண்டு கையையும் ஊன்றி, முழு எடையோடு ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுக் கையை எடுத்தார். வண்டி எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பி, ஊஞ்சல் மாதிரி ஆடி மெதுவாக நின்றது. அடுத்த மூலையிலும் அப்படியே.

"பாத்தியா ஆபரேட்டரே? ஒரு தபா ஏந்து கம்முனு நிக்கணும். இது டான்ஸ் ஆடுது. ஷாக் ரெண்டும் ஆயில் கக்கிடுச்சு. மாத்திடு."

"மாத்தலாம் பாய். ஓடுதுல்ல."

"ஓடும். நிக்கறதுதான் பேஜாரு. நம்ம ரோடு எப்டி கீதுன்னு உனக்குத் தெரியாதா? லாரிங்க போய்ப் போய் வாரிப் போட்ட ரோடு. ஸ்ப்ரிங் வண்டியத் தாங்கும், அவ்ளோதான். குதிக்கறத அடக்கறது ஷாக்கு. அது போச்சுன்னா சக்கரம் ரோட்டத் தட்டிக்கினே போவும். சக்கரம் ரோட்டுல பதிஞ்சாதான பிரேக்கு புடிக்கும்?"

அடுத்த மாதம் என்றேன். அடுத்த மாதம் ஓவர்டைம். அதற்கடுத்த மாதம் மழை. உன் அம்மா பின்சீட்டில் "இன்னாங்க, வயித்த பொரட்டுது" என்று சொன்னபோதெல்லாம் ரோட்டைத் திட்டினேன். பிரேக் அடித்தால் வண்டியின் மூக்கு தரையை மோந்து பார்க்கிற மாதிரி குனிவதைப் பார்த்தேன். எனக்குப் பழகிவிட்டது, முன்கூட்டியே மெதுவாக மிதிப்பேன். உனக்கு அதைச் சொல்லவில்லை. "ஷாக் வீக்கா இருக்கு, தள்ளியே பிரேக் போடுடா" என்று ஒரு வார்த்தை போதும். மூன்று விநாடிகூட ஆகாது அதைச் சொல்ல. ஆனால் பெல்ட் போடு, இண்டிகேட்டர் போடு என்று எனக்குப் பாடம் எடுக்கும் மகனிடம், என் வண்டியில் கோளாறு இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு அற்பமான காரணம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன், ஏனென்றால் இதுவரை நான் பார்த்ததை யாருக்கும் சொன்னதில்லை. முகத்துவாரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். சாயங்காலம், வெளிச்சம் நன்றாகவே இருந்தது. நீ ஓட்டினாய், நான் பக்கத்தில், அம்மா பின்னால். ஓரமாக வரிசையாக நின்ற டிரெய்லர்களுக்கு நடுவிலிருந்து ஒருவர் சைக்கிளில் வெளியே வந்தார். நீ அந்தக் கணமே பிரேக்கை மிதித்தாய். உன் கால் போனதை நான் பார்த்தேன். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு, பெயர்ந்து கிடந்த ரோட்டில் தடதடவென்று தட்டிக்கொண்டே முன்னால் போனது. நல்ல வண்டியாக இருந்தால் அவருக்கு முன்னால் நின்றிருக்கும். நம் வண்டி நிற்கவில்லை.

நீ இறங்கி ஓடி அவரைத் தூக்கினாய். உன் சட்டையெல்லாம் அவர் ரத்தம். அவரை நம் காரிலேயே படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அப்போது ஓட்டியவன் நான். இடது மணிக்கட்டும் தோள் எலும்பும் உடைந்திருந்தன. தனபால் என்று பேர், கன்டெய்னர் யார்டில் வேலை, வியாசர்பாடி, ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து கோல்கீப்பர் என்பதெல்லாம் அவர் மனைவியும் தம்பியும் வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தத் தம்பி வராந்தாவில் என் முன்னால் வந்து நின்று, "எப்புடி சார் இட்ச்சீங்க?" என்று கேட்டார். நீ எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். நான் கும்பிட்டுவிட்டுச் சொன்னேன், "சின்னப் பையன், கொஞ்சம் வேகமா வந்துட்டான். மன்னிச்சுக்கங்க."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டாய். "நைனா, நான் பிரேக்க முழுசா மிதிச்சேன். ஏன் நிக்கல?" எனக்குப் பதில் தெரியும். காதர் பாய் ஷெட்டில் ஆடிய வண்டி என் கண்முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. நான் சொன்ன பதில், "வேகமா வந்தா எப்புட்றா நிக்கும்?" நீ, "அப்பிடியா வந்தேன்? எனக்கே ஞாபகமில்ல நைனா" என்றாய். என் வார்த்தையை நம்பி, உன் கண்ணால் பார்த்ததைச் சந்தேகப்பட ஆரம்பித்தாய். சாவியை ஃபிரிட்ஜின் மேல் வைத்தாய். அதற்குப் பிறகு எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் நீ தொடவில்லை.

தனபால் குடும்பத்தார் பெரிய மனதோடு புகார் வேண்டாம் என்றுவிட்டார்கள். வைத்தியத்தை நாம் பார்த்துக்கொண்டோம். அதோடு முடிந்தது என்று இருந்துவிட்டேன். ஷாக்கை அப்போதும் மாற்றவில்லை. மாற்றினால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே. வண்டியை மூடிப்போட்டேன். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் எடுப்பேன், மாட்டுவண்டி வேகத்தில். காதர் பாய் ஷெட் இருக்கும் தெரு வழியாக ஆறு வருஷம் நான் போகவே இல்லை. அவருக்கு மட்டும்தான் விஷயம் தெரியும் என்பதால், எதிரில் அவர் வருவது தெரிந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவேன். நீ புனேவில் வேலை கிடைத்துப் போகிறேன் என்றபோது உன் அம்மா அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதை எழுதக் கை கூசுகிறது.

இதையெல்லாம் கிளறிவிட்டவள் நித்யா. நிச்சயம் ஆன பிறகு அவள் வாரம் ஒருமுறை போன் செய்வாள் என்பது உனக்குத் தெரியும். பத்து நாள் முன்னால் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள், போனை நான் எடுத்தேன். வழக்கமான பேச்செல்லாம் முடிந்த பிறகு அவள் தயங்கினாள்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளும்மா."

"அவரு ஏன் வண்டி ஓட்ட மாட்டேங்கறாரு? நான் ஓட்டறேன், அது ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஆனா போன வாரம் நான் கொஞ்சம் சடனா பிரேக் போட்டேன், அவரு ரெண்டு கையாலயும் டேஷ்போர்டப் பிடிச்சுக்கிட்டாரு மாமா, வீடு வர்ற வரைக்கும் விடல. கேட்டா, 'நான் ஒருத்தர இடிச்சவன், எனக்கு ஓட்டத் தகுதி இல்ல'ன்னு சொல்றாரு. அதுக்கு மேல பேச மாட்டேங்கறாரு. அன்னிக்கு என்னதான் ஆச்சு மாமா? நீங்க கூட இருந்தீங்கதானே?"

"அப்பறம் சொல்றேம்மா" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு யோசித்தேன். நாளைக்கு உங்களுக்குக் குழந்தை பிறக்கும். அதைத் தூக்கிக்கொண்டு அவசரமாக ஓடவேண்டி வரும். அப்போதும் நீ சாவியைத் தொடாமல் நிற்பாய், தகுதி இல்லை என்று. அந்தத் தகுதியை உன்னிடமிருந்து பிடுங்கியவன் நான்.

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு காதர் பாய் ஷெட்டுக்குப் போனேன். தாடி முழுக்க வெளுத்துவிட்டது அவருக்கு. ஸ்டூலை இழுத்துப்போட்டு, "குந்து" என்றார். "இன்னா ஆபரேட்டரே, ஆறு வருசம் கயிச்சு வழி தெரிஞ்சுதா?" அதோடு வேலையைத் தொடங்கிவிட்டார். வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரங்களைக் கழற்றி, அடியில் இரண்டு போல்ட், பானெட்டுக்குள் மேலே மூன்று நட், எல்லாம் துருப்பிடித்து முரண்டு பிடித்தன. ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஒரே துண்டாக வெளியே வந்ததும், ஸ்ப்ரிங்கைக் கிளாம்ப் போட்டு மெல்ல அமுக்கி, ஷாக்கைத் தனியாக உருவி என் கையில் கொடுத்தார்.

"இத்த அமுக்கிப் பாரு."

அந்தத் தண்டை உள்ளே தள்ளினேன். ஒரு எதிர்ப்பும் இல்லாமல், விரல் பலத்திலேயே உள்ளே போனது. போன இடத்திலேயே கிடந்தது. பிறகு புதியதைக் கொடுத்தார். என் முழு பலத்தையும் போட்டால்தான் உள்ளே இறங்கியது, கையை எடுத்ததும் நிதானமாக, ஒரே சீராக மேலே வந்தது.

"பையன்கிட்ட சொன்னியா?" என்றார் பாய், என்னைப் பார்க்காமல், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே.

"இல்ல பாய்."

"ஒரு தபா அவன சுங்கச்சாவடி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். சலாம் பாய்னு வந்து நின்னான். எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பன் சொல்ல வேண்டியத நான் சொல்லக்கூடாதுன்னு முயுங்கிட்டேன். அதுக்கப்பறம் எனக்கும் சரியா தூக்கம் இல்ல, தெரிஞ்சுக்கோ."

புதியதைப் பூட்டி, வீல் அலைன்மென்ட்டும் பார்த்துக்கொண்டு, விபத்து நடந்த அதே ரோட்டுக்கு வண்டியை ஓட்டிப்போனேன். பின்னால் யாரும் வராத இடமாகப் பார்த்து, நீ அன்று மிதித்த மாதிரி பிரேக்கை மிதித்தேன். வண்டி அப்படியே ரோட்டைக் கவ்விக்கொண்டு நின்றது. மூக்கு லேசாகக் குனிந்து நிமிர்ந்தது. இன்னொரு தடவை செய்தேன். மூன்றாவது தடவையும் நின்றது. கீழே இறங்கி, சாம்பல் படிந்த கருவேல மரத்தடியில் நின்றேன். டிரெய்லர்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு டிரைவர் மெதுவாக்கி, "இன்னா பெர்சு, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அவர் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மாவிடம் அன்றே சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். கோபம் வந்தால் மட்டும்தான் அவள் என்னை 'நீ' என்பாள், உனக்குத் தெரியும். "நீ அவன் முன்னாடி நின்னுக்கினு அத்த சொன்ன" என்றாள். "நானும் கேட்டுக்கினு நின்னேன். ஆம்பளைங்களுக்குத்தான் வண்டியப் பத்தித் தெரியும்னு நம்பினேன்." இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, "மொதல்ல அந்த தனபாலப் போய்ப் பாரு. அப்பறம் புள்ளைக்கு எழுது" என்றாள்.

போனேன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. தனபால் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். இடது கை தோளுக்கு மேல் இன்னும் சரியாக எழவில்லை. அவர் மனைவி டீ போடப் போனார். நான் உட்காரவில்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஷாக் போனது, பாய் எச்சரித்தது, நான் தள்ளிப்போட்டது, வராந்தாவில் நான் சொன்ன பொய். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

"இத்த என்கிட்ட இன்னாத்துக்கு சார் சொல்ற?" என்றார். "என் கை எப்புடியோ போச்சு. கோல் போஸ்ட்டு போச்சு. ஒரு வருசம் உள்ளுக்குள்ள வெந்தேன், அப்பறம் ஆறிடுச்சு. உன் புள்ள ஒவ்வொரு ஞாயித்துக்கெயமையும் இங்க வரும், தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது, பிரபு. நண்பர்களைப் பார்க்கப் போகிறேன் என்று நீ கிளம்புவாய். நான் டிவி பார்த்துக்கொண்டு தலையாட்டுவேன்.

"புனே போற வரைக்கும் வந்துச்சு. என்ன கிரவுண்டுக்குக் கூட்டிக்கினு போயி, மேட்ச் பாக்க வெச்சு, திரும்பக் கொண்ணாந்து வுடும். இப்பக்கூட மாசம் ஒரு போன் வந்துரும். ஒவ்வொரு தபாவும் 'என் தப்புண்ணா, நான் வேகமா வந்துட்டேன்'னு சொல்லும். டேய், நீ அம்மாம் வேகம்லாம் வரலடா, நான் பாத்தேன்டான்னு சொன்னா கேக்காது. 'இல்லண்ணா, எங்க நைனாவே சொன்னாரு'ன்னும்." அவர் குரல் உயர்ந்தது. அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "என் கைய ஒடச்சது பெருசு இல்ல சார். அந்தப் புள்ளைய இப்புடி வெச்சிருக்கியே, அதுதான் பெருசு."

அந்த மனிதருக்கு முன்னால் நான் நின்ற நிலையை உன்னிடம் விவரிக்க மாட்டேன். அது எனக்குரியது. பத்திரிகையை எடுத்து நீட்டினேன், வாங்குவாரோ மாட்டாரோ என்று. வாங்கி, உன் பேரை விரலால் தடவிப் படித்தார். டீயைக் குடிக்கச் சொன்னார். நான் கிளம்பும்போது மாடிப்படி வரை வந்தார்.

"கல்யாணத்துக்கு வருவேன். பஸ்ல வரமாட்டேன். உன் வண்டியில வருவேன், முன்சீட்டுல குந்திக்கினு. ஆனா நீ ஓட்டக்கூடாது, அவன்தான் ஓட்டணும். அவன்கிட்ட சொல்லிடு."

சொல்லிவிட்டேன். பதிலை நீ அவருக்கே சொல்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற மகனுக்கு அப்பன் நாலு வார்த்தை நல்லது சொல்லவேண்டும் என்பார்கள். எனக்கு அதற்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் என் அனுபவத்தில் சொல்லலாம். தப்பு செய்த அன்றைக்கே சொல்லிவிடு, நித்யாவிடமும் சரி, நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளையிடமும் சரி. முதல் நாள் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வெட்கத்தோடு போயிருக்கும். ஒவ்வொரு நாளாகத் தள்ளியதில் அது ஒரு பொய்யாகி, பிறகு உன் ஆறு வருஷமாகிவிட்டது. அதை எதைக் கொடுத்தும் என்னால் திருப்பித்தர முடியாது. நித்யாவுக்கு இன்று சாயங்காலம் போன் செய்து, அவள் கேட்டதற்குப் பதில் சொல்லப்போகிறேன். உன்னை முந்திக்கொள்வதாக நினைக்காதே. என்னால் இனிமேல் ஒருநாள்கூடத் தள்ளிப்போட முடியாது.

நீ வரும் அன்று ஸ்டேஷனுக்கு நான் வருவேன். என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேசாதே. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உன் பின்னாலேயே நடந்து வருகிறேன். என்னை மன்னிக்க வேண்டும் என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் கேட்கவில்லை, கவனித்திருப்பாய். கல்யாண சமயத்தில் அப்படிக் கேட்டு உன்னை நெருக்கக் கூடாது. அது உனக்கு எப்போது வருகிறதோ அப்போது வரட்டும், வராமல் போனாலும் சரி. ஆனால் இந்த ஒன்றை நீ என் வாயால் தெரிந்துகொள்ள வேண்டும், எழுத்தில் வேண்டும், யார் கேட்டாலும் எடுத்துக்காட்ட வேண்டும். அன்று நீ வேகமாக வரவில்லை, பிரபு. நாற்பதில் வந்தாய். நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீடோமீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் நைனா